சுழற்சிக் கோடு சந்தையோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திருகோணமலையில் சார்ட் பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். சீனன்குடாப் பக்கம் வேலை செய்கிற அண்ணன்மார் டோக்கியோ சீமெந்தையும் லங்கா ஐ.ஓ.சி.யையும் பார்க்கிறார்கள். ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் தினமும் கண்ணில் படுகிறவை என்பதால் அந்தப் பங்குகள் மேல் ஒரு பிடிப்பு. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் நிற்கிற தம்பிமாருக்குப் போனில் தங்கம். எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் சுழற்சிக் கோடுகள் மேல், அதாவது விலை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப இறங்கி ஏறும் என்ற நம்பிக்கையில் போடுகிற கோடுகள் மேல், ஆசை வந்துவிடும். இரண்டு அடிகளை (விலை இறங்கி முடித்துத் திரும்பிய இடங்களை) தொட்டு இழுத்தால் போதும், அடுத்த அடி எப்போது வரும், அங்கிருந்து விலை எவ்வளவு ஏறும் என்று மென்பொருளே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அது நடக்காதபோது போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்: "கோடு போட்ட மாதிரி நடக்கல்லயே அண்ணா."

இப்படி வருகிற சார்ட்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. சுழற்சி பொய்த்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் மென்பொருள் எதை எண்ணியது, எந்த விலையை எடுத்தது, எந்த அளவுகோலில் வரைந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கீழே அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் சும்மா சரிசெய்யக்கூடிய காரணம் முதலில், நேரமும் காசும் கேட்கிற காரணம் கடைசியில். ட்ரேடிங்வியூ, மெட்டாட்ரேடர் இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மென்பொருள் என்றாலும் இதே வசதிகள் வேறு பெயரில் இருக்கும்.

## அறிகுறி: நேற்றுப் போட்ட கோடுகளைக் காணவில்லை, அல்லது சார்ட்டே வரவில்லை

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடுவோம்.

கோடுகள் மட்டும் இல்லை என்றால் முதலில் இடது பக்கக் கருவிப் பட்டையில் உள்ள கண் அடையாளத்தைப் பாருங்கள். அதில் கை பட்டால் வரைந்ததெல்லாம் மறைந்துவிடும், அழியாது. அடுத்து குறியீடு. கோடுகள் பங்கின் குறியீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பவை, ஒரு நிறுவனத்தின் தங்க டேட்டாவில் வரைந்துவிட்டு இன்னொரு நிறுவனத்தின் தங்க டேட்டாவைத் திறந்தால் அவை அங்கே இருக்காது. மூன்றாவது, கோட்டின் அமைப்பில் எந்தெந்தக் கால அளவில் தெரிய வேண்டும் என்று ஒரு பகுதி உண்டு. நாள் சார்ட்டுக்கு மட்டும் என்று டிக் போட்டிருந்தால் வார சார்ட்டில் வராது. இவை எதுவும் இல்லையென்றால் சேமிக்காமல் மூடியிருக்கிறீர்கள். தானாகச் சேமிப்பதை இப்போதே போட்டுவிடுங்கள்.

சார்ட்டே வெறுமையாக நின்றால் மெட்டாட்ரேடரில் வலது கீழ் மூலையில் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாரி காலத்தில் கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பும் வரை இது சாதாரணம். இணைப்பு இருந்தும் பழைய கேண்டில்கள் (ஒரு நாள் அல்லது ஒரு வார விலையைக் காட்டுகிற கட்டைகள்) போதாமல் இருந்தால் அமைப்பில் சார்ட்டுக்கான அதிகபட்சக் கேண்டில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, ஹோம் விசையை அழுத்திப் பழைய டேட்டாவை இறங்கவிடுங்கள். இதற்கெல்லாம் கடைக்காரரிடம் லப்டொப்பைக் கொண்டுபோகத் தேவையில்லை.

## அறிகுறி: சார்ட்டில் ஒரு விலை, தரகரின் திரையில் இன்னொரு விலை

வித்தியாசம் சில ரூபாய்தான், நாள் முழுக்கக் கூடவே வருகிறது. குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். டோக்கியோ சீமெந்துக்குக் கொழும்பில் இரண்டு பங்குகள் உண்டு: N எழுத்து வருவது வாக்குரிமை உள்ளது, X வருவது வாக்குரிமை இல்லாதது. இரண்டும் தனித்தனி விலையில் போகும். பெயரை மட்டும் தட்டித் தேடினால் முதலில் வருவதைத் திறந்துவிடுகிறோம். X பங்கு கையில் இருக்கும்போது N பங்கின் சார்ட்டில் இலக்கு போட்டால் அந்த இலக்கு உங்களுடையதல்ல.

வித்தியாசம் வந்து வந்து போகிறது. தாமதமான டேட்டாவாக இருக்கும். குறியீட்டுக்குப் பக்கத்தில் அதற்கான அடையாளம் இருக்கும். சுழற்சி வேலைக்கு இது பெரிய பாதிப்பில்லை, மாலையில் சந்தை மூடிய பிறகு பாருங்கள்.

கடைசி விலை ஒத்திருக்கிறது, பழைய விலைகள் ஒத்துவரவில்லை. ஒரு சார்ட்டில் பங்கிலாபம் கழித்து விலை சரிசெய்யப்பட்டிருக்கிறது, மற்றதில் இல்லை. ட்ரேடிங்வியூவில் சார்ட்டின் கீழ்ப்பக்கம் ஏ.டி.ஜே. என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். எதை வைத்திருப்பது என்பது உங்கள் விருப்பம், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய அடிகளின் விலை மாறும், அவற்றிலிருந்து அளந்த இலக்குகள் எல்லாம் பிழையாகிவிடும்.

## அறிகுறி: முதல் சில அடிகளுக்குப் பொருந்திய கோடுகள் போகப்போக விலகுகின்றன

அதிகமாக வருவது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். எப்படி விலகுகிறது என்பதை முதலில் கவனியுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது.

### ஒரே பக்கமாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால்

முதலில் நீளத்தைத் திரும்ப அளங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு அடிகளைத் தொட்டு இழுத்தால் சின்னப் பிழையும் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். முதல் அடியிலிருந்து ஆறாவது அடி வரை எத்தனை கேண்டில் என்று எண்ணி ஐந்தால் வகுங்கள். 210 வந்தால் சுழற்சி 42, நீங்கள் போட்ட 40 இல்லை. கோட்டைத் தானாக விலையில் ஒட்டவைக்கிற காந்தக் கருவியைப் போட்டுக்கொண்டு அடியின் உண்மையான கீழ்விலையைத் தொடுங்கள், பக்கத்துக் கேண்டிலில் விரல் பட்டுவிடுவது போனில் சகஜம்.

நீளம் சரியென்றால் அடுத்தது விடுமுறை. மென்பொருள் எண்ணுவது கேண்டில்களை, நாட்காட்டியை அல்ல. கொழும்புச் சந்தை ஒவ்வொரு போயாவுக்கும் (பௌர்ணமி நாள்) மூடும், வெசாக்குக்கு இரண்டு நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு, தைப்பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். சனி ஞாயிறையும் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 240 நாள்தான் சந்தை. நியூயோர்க்கில் அது 252 அளவில் வரும். இதனால் என்ன ஆகிறது? 40 கேண்டில் அமெரிக்கச் சந்தையில் சுமார் 58 நாட்காட்டி நாள், நமக்கு 61 நாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் 40 நாள் சுழற்சி என்று வீடியோவில் சொன்னதைக் கொண்டுவந்து கொழும்புப் பங்கில் போட்டால் ஆறு சுற்றில் பதினெட்டு நாள் தள்ளிவிடும். இதே காரணத்தால்தான் எதிர்காலத்தில் போட்ட கோட்டின் கீழே தெரிகிற தேதியும் நகர்கிறது. வரப்போகிற போயாவை மென்பொருள் வேலை நாளாக நினைத்துத் தேதி போட்டிருக்கும், அந்த நாளில் கேண்டில் விழாமல் போனதும் கோடு அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகும்.

என்ன செய்வது: எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் மூன்று பத்தி போடுங்கள். அடி விழுந்த தேதி, அது எத்தனையாவது கேண்டில், முந்தைய அடியிலிருந்து நாட்காட்டியில் எத்தனை நாள். கேண்டில் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கேண்டிலை எண்ணுங்கள், நாள் இடைவெளிகள் நெருக்கமாக இருந்தால் நாளை எண்ணுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. நாட்காட்டிதான் பொருந்துகிறது என்றால் வார சார்ட்டுக்குப் போய்விடுவது சுகம், ஒரு வாரத்தில் இரண்டு விடுமுறை வந்தாலும் அது ஒரே கேண்டில்தான்.

கொழும்பில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வியாபாரம் குறைந்த பங்குகளில் சில நாள் ஒரு பங்கு கூடக் கைமாறாது. அன்றைக்குச் சில டேட்டாவில் கேண்டிலே விழாது, சிலவற்றில் முந்தைய விலையிலேயே ஒரு தட்டைக் கோடு விழும். ஒரே பங்கு, இரண்டு மென்பொருளில் இரண்டு எண்ணிக்கை. அப்படிப்பட்ட பங்கில் நாள் சார்ட்டில் சுழற்சி தேடாதீர்கள், வார சார்ட்டில் பாருங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

தங்கம், நாணயம் பார்ப்பவர்களுக்கு வேறு காரணம்: ஞாயிற்றுக்கிழமைக் கேண்டில். உப்புவெளித் தம்பி ஒருவர் இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், இரண்டிலும் தங்கம், இரண்டிலும் நாள் சார்ட், இரண்டிலும் 30 கேண்டில் சுழற்சி. ஒன்றில் கோடு அடிகளில் உட்கார்ந்திருந்தது, மற்றதில் வாரத்துக்கு ஒரு நாள் பிந்திப் போய்க்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது முதல் போனில் ஒவ்வொரு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கேண்டில், உடம்பே இல்லாத அளவு குட்டையாக. அந்த நிறுவனத்தின் சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, ஞாயிறு இரவு சந்தை திறந்தவுடன் வருகிற ஓரிரு மணி நேரம் அங்கே தனி நாளாகப் பதிவாகிறது. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு ஆறு கேண்டில். 30 கேண்டில் ஒரு போனில் ஐந்து வாரம், மற்றதில் ஆறு வாரம். சோதனை எளிது: ஒரு வாரத்துக்குள் எத்தனை கேண்டில் என்று எண்ணுங்கள், ஐந்துதான் வர வேண்டும். மெட்டாட்ரேடரில் சர்வர் நேரத்தை நாம் மாற்ற முடியாது. ஐந்து கேண்டில் வருகிற டேட்டாவுக்கு மாறுவது அல்லது வார சார்ட், இந்த இரண்டுதான் வழி.

### ஓர் இடம் வரை சரியாக வந்து, திடீரென்று ஒரேயடியாகத் தள்ளிப்போனால்

அந்த இடத்தில் சந்தை மூடியிருந்ததா என்று பாருங்கள். 2020 இல் கொரோனா நேரம் மார்ச் 20 இல் மூடிய கொழும்புச் சந்தை மே 11 இல்தான் திரும்பத் திறந்தது. ஏழு வாரத்துக்கு மேல். கேண்டில் எண்ணிக்கைக்கு அந்த ஏழு வாரமும் இல்லாத காலம், முந்தைய கேண்டிலும் அடுத்த கேண்டிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2022 ஏப்ரல் 18 இலிருந்தும் ஐந்து வேலை நாள் மூடினார்கள். இவற்றைத் தாண்டி இழுத்த கோட்டை நம்பாதீர்கள். மூடல் முடிந்தபின் விழுந்த முதல் தெளிவான அடியிலிருந்து எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய காலத்தை நீளம் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூடல் எதுவும் இல்லை என்றால் பங்கு பிரிப்பு. அதற்கு அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

### சில சுற்று முந்தியும் சில சுற்று பிந்தியும் ஆடினால்

இது பிழையே இல்லாமலும் இருக்கலாம். சந்தைச் சுழற்சி கடிகாரம் போல ஓடாது. நான் வைத்திருக்கிற அளவு இது: ஆட்டம் சுழற்சி நீளத்தின் கால்வாசிக்குள் இருந்தால் பயன்படுத்தலாம், ஒற்றைக் கோடாக இல்லாமல் ஒரு பட்டையாக. 40 கேண்டில் சுழற்சிக்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து கேண்டில் அகலமாக ஒரு பெட்டி வரைந்து வையுங்கள். கால்வாசியைத் தாண்டினால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், எத்தனை காசு கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: சார்ட்டில் ஒரே நாளில் செங்குத்தான பள்ளம்

செய்தியைப் பாருங்கள், உண்மையாகவே விழுந்திருக்கலாம். செய்தி எதுவும் இல்லாமல் விலை பாதியாகவோ பத்தில் ஒன்றாகவோ ஆகியிருந்தால் நிறுவனம் பங்கைப் பிரித்திருக்கிறது. 2024 இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. பழைய விலைகளைச் சரிசெய்யாத டேட்டாவில் அது பெரிய வீழ்ச்சி மாதிரித் தெரியும். சுழற்சிக் கருவிக்கு அது வேறு விதமாகத் தெரிய வழியில்லை, அந்தப் பள்ளத்தையே சுழற்சியின் அடி என்று எடுத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைத்துவிடும்.

சரிசெய்ய, பிரிப்புக்கு முந்தைய எல்லா விலையையும் பிரிப்பு எண்ணால் வகுக்க வேண்டும். உரிமைப் பங்கு வெளியீடு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் புதுப் பங்கு தருவது) என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. உதாரணத்துக்கு, பங்கு 100 ரூபாய்க்குப் போகிறது, நான்கு பங்குக்கு ஒன்று வீதம் 80 ரூபாய்க்குத் தருகிறார்கள். நான்கு நூறும் ஓர் எண்பதும் கூட்டினால் 480, ஐந்தால் வகுத்தால் 96. பழைய விலைகளை 0.96 ஆல் பெருக்குங்கள். சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும், ஆனால் இலக்கு போடும்போது நான்கு சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை.

எப்போது ஆளைக் கேட்க வேண்டும்: பிரிப்பும் உரிமைப் பங்கும் பங்கிலாபமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து குழம்பினால் உங்கள் தரகர் நிறுவனத்தில் கேளுங்கள். என்னென்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து விலையில் கழிந்தது என்று ஒரு பட்டியல் கேட்டால் தருவார்கள். நீங்கள் கொடுக்கிற தரகுக் கூலியில் இதுவும் அடக்கம், தயங்க வேண்டாம்.

## அறிகுறி: இலக்கு விலை நம்ப முடியாத அளவில் வருகிறது

கீழ் இலக்கு பூச்சியத்துக்கும் கீழே போகிறது, அல்லது மேல் இலக்கு மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. காரணம் அளவுகோல். வலது பக்க விலைப் பட்டையில் லாக் (ரூபாயில் அல்லாமல் வீதத்தில் அளக்கிற அளவுகோல்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். விலை 100 இலிருந்து 40 க்கு விழுந்து 55 க்கு எழும்புகிறது. சாதாரண அளவுகோலில் அதே 60 ரூபாயை 55 இலிருந்து கழித்தால் இலக்கு மைனஸ் ஐந்து. அப்படி ஒரு பங்கு விலை கிடையாது. லாக்கில் அதே வீதம், அதாவது 55 ஐ 0.4 ஆல் பெருக்கி 22. மேலே போகும்போதும் அப்படித்தான்: 40 இலிருந்து 80, அங்கிருந்து 60 க்கு இறக்கம் என்றால் சாதாரண அளவில் இலக்கு 100, லாக்கில் 120. விலை சில சதவீதமே ஆடுகிற குறுகிய காலத்துக்கு எதை வைத்தாலும் ஒன்றுதான். கொழும்பின் எல்லாப் பங்கு விலைச் சுட்டெண் போல 2020 மே மாதம் ஐயாயிரத்துக்கும் கீழே கிடந்து 2022 ஜனவரியில் பதின்மூவாயிரத்தைத் தாண்டிய ஒன்றுக்கு லாக் இல்லாமல் இலக்கு போடவே கூடாது. இலக்கு அளக்கப் பயன்படுத்துகிற ஃபிபோனாச்சிக் கருவிக்குள்ளும் லாக் அளவில் கணக்கிடு என்று தனியாக ஒரு டிக் இருக்கும். சார்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இலக்கு எப்போதும் இரண்டு மடங்கு தூரத்தில், அல்லது மிகவும் பிந்தி வருகிறது. முன்தள்ளிய கோடு பயன்படுத்துகிறவர்களுக்கு இது. அந்த முறையில் விலையின் நடுப்புள்ளியைச் சுழற்சியின் பாதி நீளத்துக்கு முன்னால் தள்ளி வரைகிறோம். மூவிங் ஆவரேஜ் (நகரும் சராசரி) எடுத்து நீளம் 1, விலைக்கு உச்ச, கீழ் விலைகளின் நடு, நகர்த்தல் 20 என்று போட வேண்டும், சுழற்சி 40 ஆக இருந்தால். முழு 40 ஐயும் போட்டிருப்பார்கள். சரியான கோட்டை விலை 90 இல் கீழிருந்து மேலே வெட்டுகிறது, அதற்கு முந்தைய அடி 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 100, வெட்டிய இடத்திலிருந்து அதே பத்து ரூபாய். லாக் கணக்கில் 101.25.

கணக்கெல்லாம் சரி, ஆனால் விலை இலக்கை எட்டாமலே திரும்புகிறது. இதைவிடப் பெரிய சுழற்சி கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வார சார்ட்டைத் திறந்து பாருங்கள். பெரிய சுழற்சி இறங்கும்போது சின்னச் சுழற்சியின் மேல் இலக்குகள் பெரும்பாலும் எட்டப்படாது. எட்டாமல் திரும்பிய இலக்கை அழிக்காதீர்கள், சார்ட்டிலேயே விடுங்கள், அது பெரிய சுழற்சி பற்றிய தகவல். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் வாங்குவதுதான் ஆபத்து. முந்தைய அடி உடைந்தால் அந்த இலக்கு செத்தது என்று கோடு போடும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: பழைய இடங்களில் கச்சிதம், இன்றைய கேண்டிலில் மாறிக்கொண்டே இருக்கிறது

இண்டிகேட்டர், அதாவது விலையிலிருந்து கணக்கிட்டு மென்பொருள் வரைகிற கோடு, தன்னைத் தானே திரும்ப வரைகிறது. அடியையும் உச்சியையும் இணைத்து வரைகிற ஸிக்ஸாக் இதில் முதலாவது. அதன் கடைசிக் கால் உறுதியானது இல்லை, விலை இன்னும் கீழே போனால் அடியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, நடுவில் வைத்த மூவிங் ஆவரேஜ். 41 கேண்டில் சராசரியை நடுவில் வைத்தால் கடைசி 20 கேண்டிலுக்கு உண்மையான மதிப்பு இருக்கவே முடியாது, அங்கே கோடு தெரிகிறதென்றால் மென்பொருள் ஊகித்து வரைந்திருக்கிறது. நீண்ட போக்கைக் கழித்துச் சுழற்சியை மட்டும் காட்டுகிற டி.பி.ஓ. (DPO) இண்டிகேட்டரில் நடுவில் வைப்பது என்று ஒரு டிக் இருந்தால் அதுவும் இதே ரகம். மூன்றாவது, நாள் சார்ட்டில் வார இண்டிகேட்டர் போட்டிருப்பது. வாரம் முடியும் வரை அது ஆடும்.

சோதிக்க ட்ரேடிங்வியூவில் ரீப்ளே, மெட்டாட்ரேடரில் கண்ணால் பார்க்கிற டெஸ்டர். பழைய தேதிக்குப் போய் ஒவ்வொரு கேண்டிலாக முன்னே நகர்த்துங்கள், பழைய அடையாளங்கள் இடம் மாறுகின்றனவா என்று பாருங்கள். இந்த வசதி இல்லையென்றால் தினமும் சந்தை மூடியபின், 2.30 க்குப் பிறகு, ஒரு ஸ்கிரீன்ஷாட். சில வாரங்கள் போனபின் அன்றைய படத்தையும் இன்றைய சார்ட்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

மாறுகிற இண்டிகேட்டரை எறிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பழைய சுழற்சியின் நீளம் அளக்க அது நன்றாகவே உதவும். இன்றைக்கு வாங்கலாமா என்று அதனிடம் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

## அறிகுறி: எந்த நீளம் போட்டாலும் ஏதோ ஓர் அளவுக்குப் பொருந்துகிறது

இது எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி, ஏனென்றால் பார்க்கிறவருக்கு இது பிழையாகவே தோன்றாது. 36 போட்டாலும் நான்கு அடி பிடிபடுகிறது, 44 போட்டாலும் நான்கு அடி பிடிபடுகிறது, பிடிபடாதவற்றைக் கண் தானாகவே விட்டுவிடுகிறது.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். எத்தனை முழுச் சுற்று இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று சுற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது, குறைந்தது ஐந்தாறு வேண்டும்.

இரண்டாவது, டேட்டாவின் கடைசி மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முன்பகுதியில் மட்டும் நீளத்தை முடிவு செய்யுங்கள். முடிவை எழுதி வைத்த பிறகு மறைத்ததைத் திறங்கள். அங்கேயும் அடிகள் உங்கள் பட்டைக்குள் விழுந்தால் சரி. விழவில்லை என்றால் நீளத்தை மாற்றிப் பொருத்திப் பார்க்காதீர்கள், மாற்றினால் சோதனை செத்துவிட்டது.

மூன்றாவதுக்கு ஒரு மாலை நேரம் போகும், ஆனால் செய்து பார்த்தவர்கள் கோடு பார்க்கிற விதமே மாறிவிடும். ஷீட்டில் தினசரி விலை மாற்றங்களை ஒரு பத்தியில் போட்டு, பக்கத்தில் ராண்டம் எண்களைப் போட்டு, அந்த எண்களின்படி வரிசையைக் குலைத்துவிடுங்கள். குலைந்த மாற்றங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டே வந்து ஒரு பொய்ச் சார்ட் வரையுங்கள். அதே கருவியை அதில் போடுங்கள். அங்கேயும் அழகான அலைகள் வரும், மூவிங் ஆவரேஜ் போட்டால் இன்னும் அழகாக வரும். ஸ்லுட்ஸ்கி என்ற பொருளியலாளர் 1927 இலேயே மொஸ்கோவில் லொத்தர் எண்களைக் கூட்டிச் சராசரியாக்கி, இங்கிலாந்தின் வியாபாரச் சுழற்சி போலவே ஒரு அலையை எடுத்துக் காட்டினார். உங்கள் உண்மைச் சார்ட்டில் வருகிற பொருத்தம் பொய்ச் சார்ட்டில் வருவதைவிடத் தெளிவாக நன்றாக இல்லையென்றால் அந்தப் பங்கில் சுழற்சி வேலைக்கு ஆகாது. வேறு பங்கைப் பாருங்கள்.

விலையை யாராவது பிடித்து வைத்திருக்கிற இடத்தில் இந்தச் சோதனைகூட வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் வரை டாலர் 200 ரூபாயை ஒட்டியே நின்றது. அந்தச் சார்ட்டில் சின்னச் சின்ன ஆட்டங்களைப் பெரிதாக்கிச் சுழற்சி என்று பார்த்தவர்களுக்கு, மார்ச்சில் பிடியை விட்டபின் மே மாதம் 360 வரை போனதைப் பற்றி அது எதுவுமே சொல்லியிருக்க முடியாது.

## அறிகுறி: சார்ட்டில் தங்கம் இறங்குகிறது, கடையில் பவுண் ஏறுகிறது

பெரியகடைப் பக்கம் நகைக்கடையில் விலை கேட்டுவிட்டு வந்து கேட்கிற கேள்வி. சார்ட் டாலரில், பவுண் ரூபாயில். 2022 மார்ச்சிலிருந்து மே வரை டாலரில் தங்கம் இறங்கியது, நம் ரூபாய் அதைவிட வேகமாக விழுந்ததால் பவுண் ஏறியது. டாலர் சார்ட்டில் போட்ட சுழற்சிக்கும் வீட்டில் நகை எடுக்கிற நேரத்துக்கும் அப்போது தொடர்பே இருக்கவில்லை.

பவுண் சார்ட் நீங்களே செய்துகொள்ளலாம். ட்ரேடிங்வியூவின் குறியீட்டுப் பெட்டியில் தங்கத்தின் டாலர் குறியீட்டை டாலர்–ரூபாய்க் குறியீட்டால் பெருக்கி, 31.1035 ஆல் வகுத்து, 8 ஆல் பெருக்குவது போல எழுதுங்கள். அவுன்ஸுக்கு அத்தனை கிராம், பவுணுக்கு எட்டு கிராம். 22 கரட் வேண்டுமென்றால் மேலும் 22 ஆல் பெருக்கி 24 ஆல் வகுக்க வேண்டும். சரியாக வருகிறதா என்று பார்க்க: தங்கம் 3,000 டாலர், டாலர் 300 ரூபாய் என்றால் 24 கரட் பவுண் சுமார் 231,485, 22 கரட் சுமார் 212,195. உங்கள் கணக்கு இதைத் தரவில்லை என்றால் எங்கோ ஓர் அடைப்புக்குறி தவறியிருக்கிறது.

இதற்கும் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை விலைக்கும் இடைவெளி இருக்கும், வரியும் வியாபாரிகளின் கணக்கும் சேரும். அந்த இடைவெளி அநேகமாக ஒரே அளவில் நின்றால் பிரச்சினையில்லை, சார்ட்டின் அடியும் உச்சியும் இடம் மாறாது. சேதாரம், செய்கூலி இதற்குள் வராது, அது கடையில் பேசித் தீர்க்க வேண்டியது.

## அறிகுறி: கோடு உங்களுடையதில்லை, யாரோ அனுப்பியது

டெலிகிராமில் வருகிற சார்ட், "நூற்றுக்கு நூறு" என்று விற்கிற இண்டிகேட்டர், கணக்கைத் தந்தால் தானே வாங்கி விற்கும் மென்பொருள். இவற்றைத் திருத்த முயலாதீர்கள்.

இண்டிகேட்டர் என்றால் ரீப்ளே சோதனை செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அத்தோடு முடிந்தது. பங்கு வாங்க ஆலோசனை என்றால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் அவர்களின் தளத்தில் இருக்கிறது. இன்னும் ஆளைச் சேர்த்தால் உங்களுக்கும் அதில் காசு என்று பேச்சு வந்தால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின்படி இலங்கையில் தடைசெய்யப்பட்டது, அதில் சார்ட் சரியா பிழையா என்ற கேள்விக்கே இடமில்லை.

கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். காசு போய்விட்டது என்றால் அனுப்பியவரோடு கதைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். முதலில் உங்கள் வங்கி, பிறகு 101 இல் இலங்கை சேர்ட் (இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச அமைப்பு), பிறகு பொலிஸ். கதைத்த செய்திகள், காசு அனுப்பிய ரசீது, அந்தச் சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு ஒரே கோப்புறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், வெளியேறிய பிறகு அந்தச் செய்திகளைத் திரும்பப் பார்க்கக் கிடைக்காமல் போகலாம்.